தகலானி செசமியும் பக்கத்தில் அமரும் ஆயாவும்

தென்னாப்பிரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கிய 'தகலானி செசமி' என்னும் சிறுவர் நிகழ்ச்சியைச் சென்ற மூன்று மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். நான்கிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள் ஏழு பேர், துணைக்கு வரும் பாட்டிமார் மூவர் (எங்கள் பேச்சில் பாட்டிதான் ஆயா), அவர்களோடு நான். டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலுக்குப் பின்புறம் இருக்கும் மண்டபத்தில் வாரம் ஒரு முறை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கேதான் பாய் விரித்துப் பார்த்தோம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவின் முதல் படியைத் தொலைக்காட்சி ஏற்றிவைக்குமா என்பதும், அதற்காக அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் கொடுக்கும் பணம் கடைசியில் பிள்ளையின் காதுவரை வந்து சேர்கிறதா என்பதும் எனக்கு நெடுநாளாக இருந்த கேள்விகள். இந்த மதிப்புரை அவற்றைப் பற்றியது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்காக எங்கள் நிலையைச் சிறிது சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அவர்களுடைய ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பிள்ளைகள்தான் இப்போது என் பாயில் உட்காருகிறார்கள். வீட்டு மொழி ஆங்கிலம். ஆயா, தாத்தா, மாமா, ரசம், காவடி, விபூதி என்று ஒரு கைப்பிடிச் சொற்கள் மட்டும் வாயில் தங்கியிருக்கின்றன. நாட்டின் அரசமைப்புச் சட்டம் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மக்கள் பேசும் மொழிகளில் ஒன்றாக மதிக்கவும் வளர்க்கவும் வேண்டும் என்கிறது. ஆனால் ஆட்சிமொழிகள் பன்னிரண்டில் தமிழ் இல்லை. ஆகவே தகலானி செசமி தமிழ் பேசவில்லையே என்று குறைப்பட நான் வரவில்லை. தமிழே பேசாத ஒரு நிகழ்ச்சி தமிழ் வகுப்புக்கு எப்படி உதவியது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த நாட்டில் பிள்ளைகளின் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். பன்னாட்டு வாசிப்புத் திறன் ஆய்வான பேர்ல்ஸ், 2021ஆம் ஆண்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் எந்த மொழியிலும் பொருள் புரிந்து படிக்க முடியவில்லை என்று கண்டது. 2016இல் அது 78 ஆக இருந்தது. பள்ளிக்கு முந்தைய நிலையை அளந்த மற்றொரு ஆய்வு, அதே 2021இல், கற்றல் நிலையங்களுக்குச் செல்லும் நான்கைந்து வயதுப் பிள்ளைகளிலேயே 57 விழுக்காட்டினர் வயதுக்குரிய வளர்ச்சியை எட்டவில்லை என்றது. நிலையத்துக்கே போகாத பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஓலைக் கூரையோ தகரக் கூரையோ, அதன்கீழ் பெரும்பாலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது, புத்தகம் இருப்பதில்லை. கொடையாளர்கள் தொலைக்காட்சியைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

நிகழ்ச்சிக்கு வருவோம். 'தகலானி' என்பது வெண்டா மொழிச் சொல். 'மகிழ்ந்திருங்கள்' என்று பொருள். அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் என்னும் பொம்மைகள் நிறைந்த சிறுவர் நிகழ்ச்சியைத் தாயாகக் கொண்டு, இங்கே இந்த நாட்டின் கலைஞர்களையும் இந்த நாட்டின் தெருக்களையும் வைத்துத் தயாரிக்கப்பட்ட பிள்ளை இது. கல்வித் துறையும் எஸ்ஏபிசியும் ஒரு கை, சான்லாம் என்னும் நிதி நிறுவனம் ஒரு கை, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் ஒரு கை என்று பல கைகள் சேர்ந்து தூக்கி நிறுத்தின. 2002இல் எச்ஐவி தொற்றோடு வாழும் ஐந்து வயதுச் சிறுமியாகக் காமி என்ற பொம்மை நுழைந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொற்று இருந்தாலும் அவளோடு கை கோத்து விளையாடலாம் என்பதை எந்த அமைச்சரும் சொல்ல முடியாத எளிமையோடு மஞ்சள் நிறப் பொம்மை ஒன்று சொல்லியது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பின்னணியெல்லாம் தெரியாது. அவர்களுக்குக் காமி பாடுகிற, கட்டிக்கொள்கிற ஒரு தோழி, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நீளமில்லை, ஒரு பகுதி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பொம்மைகளின் சிறு கதை, உண்மைப் பிள்ளைகள் வரும் குறும்படம், பாட்டு, எழுத்து, எண் என்று துண்டு துண்டாக வருகிறது. நாட்டின் பல மொழிகள் அதில் புழங்குகின்றன. மூன்றாம் வாரமே ஒரு சிறுமி மண்டபத்துக்குள் நுழையும்போது "சவுபோனா, டீச்சர்" என்று ஜூலு மொழியில் வணக்கம் சொன்னாள். அவளுடைய ஆயா இந்த ஊரில் எழுபது ஆண்டு வாழ்ந்தவர், பொம்மையிடம் பேத்தி கற்ற சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "யெபோ" என்று பதில் சொன்னார். தொலைக்காட்சியே இந்த நாட்டுக்கு 1976 சனவரி 5 அன்றுதான் வந்தது, அதுவும் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்சிலும் மட்டும் என்பதை நினைத்தால், அந்தச் சிரிப்பின் பின்னால் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது புரியும். செசமி ஸ்ட்ரீட் அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியபோது இந்த ஆயாவின் தெருவில் பெட்டியே கிடையாது.

என்னை இந்த மதிப்புரை எழுதவைத்தது ஒரு மாரி பிஸ்கட். ஐந்தாவது வாரம் என்று நினைவு. ஒரே ஒலியில் தொடங்கும் பொருள்களைத் தேடும் விளையாட்டு ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்வதற்காகக் கண்ணை உருட்டிக்கொண்டு காத்திருந்தது. நான்கரை வயதுப் பையன் ஒருவன் ஆயாவின் முழங்காலில் சாய்ந்தபடி பிஸ்கட் பொட்டலத்தைத் துழாவிக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. திரை அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. "ம், ம், ம்" என்று அவனுடைய முதுகில் தட்டிக்கொண்டே, "மாரியம்மன்" என்றார். பையன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தான், ஆயாவைப் பார்த்தான், "மாரி பிஸ்கட்!" என்று கத்தினான். பிறகு சற்று யோசித்து, "அம்மனுக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே பேரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

நான் நிகழ்ச்சியை நிறுத்தினேன். கரும்பலகையில் 'மா' என்று எழுதி, அதன்கீழ் சாக்பீஸ் வைக்கும் மரச்சட்டத்தில் அந்தப் பிஸ்கட்டை வைத்தேன். பொட்டலத்தின் மேல் இருந்த ஆங்கில எழுத்தை மற்றொரு பிள்ளை விரலால் தொட்டு, "இதுவும் ம்" என்றது. ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு என்பதை ஐந்து வயதில் ஒரு பிள்ளை தானாகக் கண்டுகொண்டால், அதற்குமேல் ஆசிரியருக்கு வேலை குறைவு. அந்த வாரம் முழுவதும் மாமா, மாங்காய், மாலை, மாடு என்று வீட்டுக்கு வீடு வேட்டை நடந்ததாக மறு சனிக்கிழமை சொன்னார்கள். ஒருவன் அம்மாவின் பணப்பையிலிருந்து மாத்திரை அட்டையைக் கொண்டுவந்திருந்தான். அதைப் பத்திரமாக வாங்கித் திருப்பி அனுப்பினேன்.

எழுத்து கற்பிப்பவர்களுக்கு இதன் உள்விவகாரம் தெரியும். ஒரு சொல்லைக் காதால் உடைத்து அதன் முதல் ஒலியைப் பிரித்தெடுக்கும் திறன் முதலில் வரவேண்டும். வடிவம் பிறகு அதன்மேல் ஏறி உட்காரும். ஒரு மொழியில் பழகிய இந்தக் காது மற்றொரு மொழிக்கும் உதவும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று; பிள்ளை 'எம்' என்ற பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, 'ம்' என்ற ஒலியைத் தேடித் தடுமாறுகிறது. தமிழில் எழுத்தைச் சொன்னாலே ஒலி வந்துவிடுகிறது. ஆனால் நம்முடைய சுமை வேறு இடத்தில் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளை அட்டவணையாக மாட்டி வைத்து முதல் நாளே பிள்ளையை மிரட்டிவிடுகிறோம். நானும் அப்படி மிரட்டியவள்தான். ஒலி விளையாட்டில் தொடங்கி, பிள்ளைக்குத் தெரிந்த பத்துச் சொற்களின் முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் செசமி வழி, அட்டவணை வழியைவிடப் பிள்ளைக்கு இதமாக இருக்கிறது என்பதை நான் இந்த மூன்று மாதத்தில் ஒப்புக்கொண்டேன்.

இனி பணத்தைப் பற்றி. இந்த வகை நிகழ்ச்சியின் வேரே அறக்கொடையில்தான் இருக்கிறது. 1966இல் நியூயார்க்கில் ஜோன் கன்ஸ் கூனி என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் வீட்டு விருந்தில், கார்னகி அறநிறுவனத்தைச் சேர்ந்த லாயிட் மோரிசெட், தம் சிறு மகள் காலையில் நிகழ்ச்சி தொடங்குமுன்பே திரையில் தெரியும் சோதனைப் படத்தின் முன் உட்கார்ந்துகொள்வதைச் சொல்லி, பெட்டியால் எதையாவது கற்பிக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பேச்சிலிருந்து கார்னகி, ஃபோர்ட் அறக்கட்டளை, அமெரிக்க அரசின் கல்வி அலுவலகம் ஆகியவற்றின் பணம் சேர்ந்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர் முதலீட்டில் செசமி ஸ்ட்ரீட் உருவானது. விளம்பரம் விற்று ஓடவேண்டிய கட்டாயம் இல்லாததால்தான், ஒரு துண்டைப் படமாக்கிப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டி, அவர்கள் கண்ணைத் திருப்பும் இடத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தி, மறுபடியும் எடுக்கும் பொறுமை அவர்களுக்கு வாய்த்தது. தகலானி செசமியிலும் அந்தப் பொறுமையின் தடம் தெரிகிறது. மிட்டாய்க் கடை போல மின்னி மின்னி ஓடும் யூடியூப் குழந்தைப் பாட்டுகளுக்கு நடுவே அது நிதானமாகப் பேசுகிறது; கேள்விக்குப் பிறகு மூச்சு விடுகிறது.

கொடைப் பணம் பலன் தந்ததா என்று ஆராய்ந்தவர்கள் பலர். 2013இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 15 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செசமி குடும்பத்து நிகழ்ச்சிகளைப் பார்த்த பிள்ளைகள் எழுத்து, எண், உலகறிவு, பிறரை மதிக்கும் பண்பு ஆகியவற்றில் முன்னேறியிருப்பதைக் காட்டியது. பொருளியலாளர்கள் கியர்னியும் லெவினும் செய்தது இன்னும் சாமர்த்தியமான வேலை. 1969இல் சில ஊர்களில் நிகழ்ச்சி தெளிவாகத் தெரியும் விஎச்எஃப் அலைவரிசையிலும், சில ஊர்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் யூஎச்எஃப் அலைவரிசையிலும் வந்தது. அந்த வேறுபாட்டையே தராசாக்கி, தெளிவாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகள் பள்ளியில் வயதுக்குரிய வகுப்பில் இருக்கும் வாய்ப்பு கூடியிருந்ததைக் கண்டார்கள். மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு இந்த ஆய்வு உடனே பிடித்துவிடும்.

ஆனால் என் மண்டபத்து அனுபவத்தோடு மிக நெருங்கி வருவது வேறொரு பழைய விவாதம். செசமி ஸ்ட்ரீட்டின் முதல் மதிப்பீட்டில், சில வீடுகளுக்கு ஆய்வாளர்கள் அடிக்கடி சென்று, பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கும்படி தாய்மாரை ஊக்கப்படுத்தினார்கள். 1970களின் நடுவில் ரஸல் சேஜ் அறக்கட்டளையின் ஆதரவில் அந்த எண்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், பெரிய பலன் அந்த ஊக்கம் கிடைத்த வீடுகளில்தான் என்றும், பிள்ளை தானாகப் பார்த்த வீடுகளில் பலன் சிறியது, அதுவும் பெரும்பாலும் எழுத்தை அடையாளம் காண்பதோடு நின்றது என்றும் வாதிட்டார்கள். நிகழ்ச்சியின் ஆதரவாளர்களுக்கு அது கசந்தது. எனக்கு அது மாரி பிஸ்கட்டின் கதையாகத் தெரிகிறது. என் வகுப்பில் பெரியவர் யாரும் துணைக்கு வராத பிள்ளைகள் நால்வர். அவர்கள் பாட்டுகளை முழுமையாகப் பாடினார்கள், பொம்மைகளின் பெயர்களை எல்லாம் சொன்னார்கள். முதல் ஒலியைப் பிரித்துச் சொல்வதில் ஆயாவின் மடியில் இருந்த மூவரும் முந்தினார்கள். ஏழு பிள்ளைகளை வைத்து ஆய்வு எழுத முடியாது என்பதை அறிவேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கொடையாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம், அதன் பெயர் இங்கே வேண்டாம், எங்கள் மண்டபத்துக்குப் பெரிய திரையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தது. சிறுவர் கல்வி நிகழ்ச்சிகள் நிறைந்த பென்டிரைவ் ஒன்றும் உடன் வந்தது. பதாகை கட்டினார்கள், மாலை போட்டார்கள், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், வடையும் தேநீரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பென்டிரைவைச் செருகினால் பெட்டி அதைப் படிக்க மறுத்தது. திருட்டுப் பயத்தால் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி யாரிடம் என்பதில் மூன்று வாரம் போனது. நான்கு மாதம் அது துணி போர்த்திய சாமி சிலை போல அலமாரிக்குள்ளேயே இருந்தது. கடைசியில் என் மடிக்கணினியில்தான் பார்த்தோம். பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கை, ஆயாக்கள் வந்துபோகும் மினிபஸ் டாக்சிக் கட்டணத்துக்கும், பிள்ளையோடு எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரும் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கும் கொடுத்திருந்தால் போதும். ஆனால் டாக்சிக் கட்டணத்தின் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

"டீச்சர், நான் ஆறாவதோடு நின்றவள், நான் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன்?" என்று முதல் வாரம் கேட்டவர்தான் பின்னர் மாரியம்மனை அழைத்த அதே ஆயா. அவருக்குத் தேவைப்பட்டது பாடநூல் இல்லை. திரையில் பொம்மை கேட்கும் கேள்வியைத் திரும்ப ஒரு முறை கேளுங்கள், பிள்ளை பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள், பிறகு வீட்டுப் பொருள் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் என்று மூன்று சொற்கள் சொன்னேன். இரண்டாவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

பெரிய கொடையாளர்கள் சிலர் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் செசமி நிறுவனத்துக்கும் பன்னாட்டு மீட்புக் குழுவுக்கும் சேர்த்துக் கொடுத்த 10 கோடி டாலரில், சிரியப் போரால் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான 'அஹ்லன் சிம்சிம்' என்ற அரபு நிகழ்ச்சி 2020இல் வந்தது. அதோடு வீடு தேடிப் போய்ப் பெற்றோருடன் பேசும் பணியும் அதே நிதியில் நடந்தது. லெபனானில், ஆசிரியர்கள் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய 11 வாரத் திட்டம் ஒன்று, பள்ளிமுன் வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்ததற்கு இணையான பலனைத் தந்ததாக நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு காட்டியது. 2018இல் லெகோ அறக்கட்டளையும் இன்னொரு 10 கோடி டாலரைக் கொடுத்தது. ரோஹிங்யா, சிரிய அகதிப் பிள்ளைகள் விளையாடிக் கற்பதற்கான பணம் அது. எங்களுக்குக் கோடி வேண்டாம். திரையும் ஆளும் ஒரே கணக்கில் எழுதப்படவேண்டும் என்ற அந்த வழிமுறை வேண்டும்.

கொடைப் பணத்தின் மற்றொரு குணம், அது எப்போது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் புத்தகத்தின்மேல் ஆசையை ஊட்டிய 'ரீடிங் ரெயின்போ' அமெரிக்காவில் 1983இல் தொடங்கி 2009இல் நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிக்கும் நிகழ்ச்சிகளின் பக்கம் நிதி சாய்ந்துவிட, ஆசையை மட்டும் ஊட்டிய நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்க ஆளில்லாமல் போனது. 2025 மே மாதத்தில் அமெரிக்கக் கல்வித் துறை, பொதுத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு நெடுநாள் ஊட்டமளித்த 'ரெடி டு லேர்ன்' நிதியை இடையிலேயே நிறுத்தியது. தகலானி செசமிக்குத் தொடக்கத்தில் தோள் கொடுத்த யூஎஸ்எய்ட் அதே ஆண்டு சூலையில் மூடப்பட்டது. ஒரே புரவலரை நம்பியிருந்தால் இந்த நிகழ்ச்சி இத்தனை ஆண்டு ஓடியிருக்காது. கல்வித் துறை, ஒளிபரப்பாளர், உள்நாட்டு நிறுவனம், வெளிநாட்டு உதவி என்று பாரத்தைப் பிரித்து வைத்தது இதன் தயாரிப்பாளர்கள் செய்த புத்திசாலித்தனம்.

தமிழ் வகுப்பின் பார்வையில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று. நிகழ்ச்சி காப்புரிமைக்கு உட்பட்டது. காமிக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஒரு பகுதியை நாங்களே உருவாக்க முடியாது. இந்த இடத்தை நிரப்பியது வேறொரு அறக்கொடை. கேப் டவுனைச் சேர்ந்த 'புக் டேஷ்' என்ற அமைப்பு, எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூலியில்லாமல் கூடி ஒரே நாளில் சிறுவர் படப்புத்தகம் உருவாக்கும் ஏற்பாட்டை நடத்துகிறது; ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து வயதுக்குள் நூறு புத்தகங்களுக்குச் சொந்தக்காரராக வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்ற திறந்த உரிமத்தில் அவற்றை வெளியிடுகிறார்கள். நான் அவற்றில் இரண்டை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழ் வரி எழுதிய காகிதப் பட்டையை ஒட்டினேன். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைகளையும் சேர்த்துக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு புத்தகம்; இதுதான் இப்போதைய ஒழுங்கு. பார்த்த கையோடு புத்தகத்தைத் திறக்கும்போது பிள்ளைகளின் காது இன்னும் ஒலி விளையாட்டிலேயே இருக்கிறது, பக்கத்தில் எழுத்தைத் தேடுகிறார்கள். திரையை அணைக்கும்போது எழும் அழுகைக்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

செலவைப் பற்றியும் இரண்டு வரி. மாதச் சந்தா கட்டும் டிஷ் சேவை தேவையில்லை. சாதாரண ஆன்டெனாவிலேயே வரும் அலைவரிசை இது. வீட்டில் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 265 ராண்ட் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும், அவ்வளவே. யூடியூபிலும் பல பகுதிகள் இருக்கின்றன. ஆனால் கைபேசித் தரவின் விலையைக் கணக்கிட்டால் ஏழை வீட்டுக்கு அது இலவசம் ஆகாது. மின்வெட்டு நாள்களுக்கு மடிக்கணினியை முன்னிரவே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் முன் இதைப் போட்டு வைக்காதீர்கள். அந்த வயதில் திரையிலிருந்து கற்பது மிகக் குறைவு. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஒரு பகுதியும் ஒரு புத்தகமும் என்றால் அந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: நிகழ்ச்சிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் அந்த ஐந்தாவதும் சேரும். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனால் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் மண்டபத்தில் அலமாரியின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. கோயில் குழுவும் இரண்டு ஆயாக்களின் டாக்சிக் கட்டணத்தை ஆடி மாதக் கூழ் வார்க்கும் நிதியிலிருந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறது. வரும் சனிக்கிழமைக்கு 'கா' எழுத்து. காமியின் பெயர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. காவடிக்கு ஒரு மயிலிறகு கொண்டுவருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். ஆயா தோட்டத்திலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொண்டுவருவாராம். அது 'க'வில் சேருமா 'கா'வில் சேருமா என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.